ரொக்காயாவின் தனித் தட்டு

உங்கள் காவல் நிலையத்துத் தேநீரில் சர்க்கரை போதவில்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. கொடுத்ததே பெரிய மனசு. ஆனால் எங்கள் யோஃப் பக்கம் இப்படி ஒரு கோப்பையை விருந்தாளி முன் வைத்தால், அந்த வீட்டுக்காரருக்குத் தன்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டு அவர் எழுந்து போய்விடுவார். உங்கள் மணிக்கட்டில் இருக்கும் கறுப்புக் கடிகாரத்தைப் பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நடக்கிற அடிகளை எண்ணும் சாமான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. என் தம்பி மனைவி ரொக்காயா குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவசரம் எனக்கும் இல்லை, அவளுக்கும் இனி இல்லை.

என் பெயர் அராம் ந்தோய். கணவர் போன பிறகு தம்பி உசேனுவின் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதைவிட, அந்த வீட்டை நடத்துகிறேன் என்பதே சரி. உசேனு துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். சம்பளம் வாங்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. சந்தையில் எனக்கு ஒரு கடை உண்டு. கட்டிய கணவன் வேறு பக்கம் திரும்பாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அங்கே கிடைக்கும். வாசனைப் புகைத்தூள், இடுப்பில் கட்டுகிற மணிச்சரம், மெல்லிய உள்பாவாடை, இன்னும் சில.

என் உடம்பைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. இந்த உடம்பைச் சுமந்துகொண்டு, வலதும் இடதுமாக மெதுவாக அசைந்து நடக்கிற பெண்ணை டாக்கரில் திரியாங்கே என்பார்கள். அவள் வந்தால் நாற்காலியில் இருப்பவன் எழுந்து இடம் கொடுப்பான். உங்களைப் போன்ற இளவட்டங்கள் இப்போது அதற்கு நோய் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

ரொக்காயாவைத் தம்பிக்குப் பார்த்து முடித்தவள் நான்தான். ஒரு பெயர்சூட்டு விழாவில் சோற்றுத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தபோது பெஞ்சு முனகியது. அந்த முனகலிலேயே எனக்கு ஒரு குடும்பத்தின் செழிப்பு கேட்டுவிட்டது. தியோப் வம்சத்துப் பெண், நல்ல நிறம், சிரித்த முகம், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை. கல்யாணத்தன்று அவள் இடுப்புக்கு நானே மணிச்சரம் கோத்துக் கட்டினேன். நூல் இரண்டு முறை போதாமல் போயிற்று. பெண்கள் கைதட்டினார்கள்.

பிறகு ஒரு துக்கம் நடந்தது. எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரத்த அழுத்தம் என்றார்கள். அவள் தேறுவதற்கு நெடுநாள் ஆயிற்று. தேறியதும் ஒரு பெண் டாக்டரிடம் போய் வந்தாள். நானும் அந்த டாக்டரைப் பார்த்திருக்கிறேன். தெருமுனையில் இறைச்சி குத்திச் சுடுவார்களே, அந்தக் கம்பிக்கு வெள்ளை அங்கி மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தக் கம்பி சொன்னதாம்: இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் முதலில் எடை இறங்கவேண்டும், அழுத்தம் இறங்கவேண்டும். சாப்பாடு, உடற்பயிற்சி, அன்றாட நடமாட்டம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கவேண்டும். பட்டினி கிடக்கக் கூடாதாம். காலையில் குதித்துவிட்டுப் பகலெல்லாம் பாயில் சாய்ந்திருந்தாலும் பயனில்லையாம். நடந்தோமே என்று இரவில் இரட்டிப்பாகச் சாப்பிட்டால் எல்லாம் வீணாம். இதைச் சொல்ல ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஒரு பட்டம்.

ரொக்காயா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அலுவலகத்துக்கு வண்டியில் போவதை நிறுத்தி நடந்தாள். வீட்டில் வேலைக்காரப் பெண் இருக்கும்போது விளக்குமாற்றைப் பிடுங்கித் தானே பெருக்கினாள். உரலில் தானே கம்பு குத்தினாள். ஆள் வைத்து வேலை வாங்கும் நிலைக்கு வர எங்கள் குடும்பம் எவ்வளவு பாடுபட்டது என்று அவளுக்குத் தெரியாது. வேலைக்காரப் பெண் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பாள், எஜமானி குத்துவாள். அக்கம்பக்கம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் மதியம் ஒரே தாம்பாளம். நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். சுற்றி உட்காருவோம். நடுவில் இருக்கிற மீனையும் காயையும் நான் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் தள்ளுவேன். யார் முன்னால் எவ்வளவு விழுகிறது என்பதை வைத்து, அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம். ரொக்காயா முன்னால் நான் எப்போதும் தலைத்துண்டைத் தள்ளுவேன். ஒருநாள் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. இனிமே எனக்குத் தனித் தட்டு. இந்தத் தாம்பாளத்துல நான் எவ்வளவு சாப்பிடுறேன்னு எனக்கே தெரியல. நீங்க தள்ளிக்கிட்டே இருக்கீங்க, நானும் முழுங்கிக்கிட்டே இருக்கேன்."

"தனித் தட்டு நோயாளிக்கு வைப்பாங்க, வெள்ளக்காரனுக்கு வைப்பாங்க. நீ ரெண்டுல எது?" என்றேன்.

"ரெண்டும் இல்ல மதினி. நோயாளி ஆகாம இருக்கப் பாக்குறேன்."

உசேனு சிரித்தான். சொன்னேனே, அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

ஒரே தாம்பாளத்தில் சாப்பிடும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாக எதுவும் செய்ய முடியாது, ஐயா. நல்லதும் முடியாது, மற்றதும் முடியாது. தட்டைக் கேட்டு வாங்கியவள் அவள். அன்று எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மாலையானால் கடற்கரைக்குப் போய்விடுவாள். யோஃப் கடற்கரையில் அந்த நேரத்துக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அதில் ஒருவராகவும் இருப்பீர்கள். பந்து விளையாடுகிற பையன்களைச் சொல்லவில்லை, அது வயசு. வங்கியிலும் அமைச்சகத்திலும் பகலெல்லாம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு வருகிற ஆட்களைச் சொல்கிறேன். எவனோ ஒருவன் விசில் ஊதுவான். நாற்பது வயது மனிதர்கள் மணலில் தவளை மாதிரி குந்திக் குந்தி எழுவார்கள். முடிந்ததும் எண்ணெய் சொட்டும் உருண்டைப் பலகாரத்தை ஆளுக்கொரு பொட்டலம் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் ஈடுகொடுக்கிற லட்சணம் அது. ரொக்காயா மட்டும் பலகாரம் வாங்கமாட்டாள். எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம்.

மறைக்கமாட்டேன், அவள் முறை பலித்தது. மாதம் ஏற ஏறச் சதை இறங்கிற்று. அழுத்தமும் இறங்கிற்றாம். டாக்டர் கைகுலுக்கினாளாம். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே இருந்தால் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம் என்றாளாம். அதைச் சொல்லும்போது ரொக்காயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் எலும்பு தட்டுப்பட்டது.

எங்கள் ஊரில் ஒரு மருமகள் மெலிந்தால் அதற்கு அர்த்தம் சொல்ல டாக்டர் தேவையில்லை. புருஷன் கவனிக்கவில்லை, அல்லது நாத்தனார் சோறு போடவில்லை. சந்தையில் என் கடைக்கு முன் நின்று புகைத்தூளை மோந்து பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அராம் அக்கா, உங்க வீட்டுப் பொண்ணு ஏன் இப்படி வத்திப் போயிட்டா, உசேனு ரெண்டாவது கட்டப் போறானா, இல்ல வேற ஏதாச்சும் வியாதியா. ஒருத்தி மணிச்சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"உங்க வீட்டுலயே பலிக்காத சாமான் எனக்கு மட்டும் பலிச்சிருமா அக்கா?" என்றாள்.

நல்ல கேள்வி. முப்பது வருஷமாக அந்தச் சந்தையில் எனக்குப் பதில் இல்லாத கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அந்த வாரத்திலேயே ரொக்காயா என் அறைக்கு வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் கல்யாணத்துக்கு நான் கட்டிய சரம்.

"மதினி, இது நடக்கும்போது தொடைக்கு நழுவுது. கொஞ்சம் மணி எடுத்துட்டுச் சின்னதாக் கட்டிக் குடுங்களேன்."

கட்டிக் கொடுத்தேன். எடுத்த மணிகள் என் உள்ளங்கையில் ஒரு பிடி இருந்தன. நான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பெண்ணில் ஒரு பிடி. அவள் அதைப் பெருமையாக நினைத்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள். அன்றுதான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். கோபம் இல்லை. கறி உப்பில்லாமல் இருந்தால் உப்புப் போடுகிறோம், அதற்குக் கோபம் எதற்கு?

என் கடையில் இன்னும் சில சாமான்கள் உண்டு என்றேன் அல்லவா? உடம்பு போடுகிற மாத்திரை. சந்தையில் பாதிக் கடைகளில் கிடைக்கும், ஒளிவு மறைவு இல்லை. டாக்டர்கள் அதை வேறு எதற்கோ கொடுக்கிறார்கள். கல்யாணம் நெருங்கிய குச்சிப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். பசி எடுக்கும், நீர் கோக்கும், கன்னம் உப்பும். ஒவ்வொருத்திக்கும் ஒரு எச்சரிக்கை சொல்லித்தான் கொடுப்பேன். அது என்ன என்பது இந்தக் கதையில் கடைசியில்தான் வருகிறது, அதனால் அங்கேயே சொல்கிறேன்.

மறுநாள் ரொக்காயாவிடம், உன் பத்தியச் சாப்பாட்டை இனி நானே தனியாகச் சமைக்கிறேன், வேலைக்காரப் பெண் உப்பை அள்ளிப் போடுகிறாள் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றாள். அவித்த மீன், சாமை போல எங்களுக்கு இருக்கிற ஃபோனியோச் சோறு ஒரு பிடி, பக்கத்தில் புளிச்சக்கீரை மசியல். எண்ணெய் ஒரு சொட்டு அதிகம் இல்லை, உப்பு ஒரு சிட்டிகை அதிகம் இல்லை. அந்த விஷயத்தில் நான் அவளை ஏமாற்றவே இல்லை. மாத்திரை கசக்கும். புளிச்சக்கீரை எந்தக் கசப்பையும் விழுங்கிவிடும்.

பலன் தெரியச் சில வாரம் ஆயிற்று. முதலில் முகம் உருண்டது. பிறகு கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. வயிறு முன்னே வந்தது. ரொக்காயா கண்ணாடி முன் நின்று தன்னையே பார்ப்பாள். பசிக்கிறது மதினி, நாள் முழுக்கப் பசிக்கிறது, ஆனால் சத்தியமாக ஒன்றும் தொடவில்லை என்பாள். அது உண்மை. அந்தப் பசியோடு அவள் ஒரு கவளம்கூட மிகையாகச் சாப்பிடவில்லை. நானாக இருந்தால் அரை நாள் தாங்கியிருக்கமாட்டேன்.

ஊர் அவளை நம்பாததற்கு நான் காரணம் இல்லை. அது ஊரின் பழக்கம். தியோப் வம்சத்துக்கும் ந்தியாய் வம்சத்துக்கும் விளையாட்டு உறவு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் சோற்றுத் திருடன் என்று திட்டிக்கொள்ளவேண்டும், யாரும் கோபப்படக் கூடாது. எதிர்வீட்டில் மீன் புகை போடுகிற பெந்தா ஒரு ந்தியாய். ரொக்காயா நடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வழி மறிப்பாள்.

"என்ன தியோப், தட்டை ஊருக்குக் காட்டிட்டுப் பானையை நீ தின்னுட்டியா?"

"பெந்தா, வெளையாடாத. நெஜமா நான் ஒண்ணும் சாப்பிடல."

"சாப்பிட்டேன்னு ஒத்துக்கிட்ட தியோப்பை எங்க வம்சத்துல இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

தெரு சிரிக்கும். ரொக்காயாவும் சிரித்தாகவேண்டும், அதுதான் முறை. வேறு வம்சத்து ஒரு ந்தோயோ ஒரு ஃபாலோ நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் யாராவது நின்று கேட்டிருப்பார்கள். ஒரு தியோப் சொன்னால் அது நகைச்சுவை.

பேட்டைச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று அவளே கேட்டாள். நானே துணைக்குப் போனேன். பெஞ்சு நிறையப் பெண்கள். நர்ஸ் அட்டையில் பெயரைப் படித்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் அதிர்ஷ்டம், அவளும் ந்தியாய். ரொக்காயா குனிந்து மெல்லிய குரலில் சொன்னாள்: ஒன்றும் சாப்பிடாமல் வீங்குகிறேன், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது, குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை. நர்ஸ் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு தியோப் வந்து சாப்பிடலைன்னு சொல்றா. நாளைக்கு ஆடு வந்து புல்லு தெரியாதுன்னு சொல்லும்."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. ரொக்காயாவும் சிரித்தாள். அவள் சிரித்ததோடு அவள் சொன்னதெல்லாம் வேடிக்கைக் கணக்கில் போயிற்று. அழுத்தம் எகிறியிருக்கிறது, உப்பைக் குறை, இன்னும் கொஞ்சம் நட என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் என்ன வேலை?

பழைய டாக்டரிடம் போகலாமா என்று வழியில் கேட்டாள். அந்தக் கம்பியிடம். அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், ஏமாற்றுகிறேன் என்று நினைப்பாரே என்றும் அவளே சொன்னாள். கொஞ்சம் இளைத்த பிறகு போ, அதுதான் மரியாதை என்றேன்.

வீட்டில் உசேனு அலமாரியைக் குடைந்தான். துணிகளுக்கு நடுவில் பிஸ்கட் தேடினான். கிடைக்கவில்லை என்றதும் இன்னும் கோபம்.

"தின்னா தின்னேன்னு சொல்லு. குண்டா இருக்குற பொண்டாட்டி எனக்குச் சம்மதம். பொய் சொல்ற பொண்டாட்டி வேணாம்" என்றான்.

நான்தான் அவனை அதட்டி வெளியே அனுப்பினேன். ரொக்காயா தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக் கை கொடுத்தேன், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, நீங்களாவது என்னை நம்புறீங்களா?"

"நம்புறேம்மா. நீ ஒண்ணும் கூடச் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும்."

அந்தத் தெருவிலேயே அவளை முழுசாக நம்பியவள் நான் ஒருத்திதான். அதையும் பதிவு செய்யுங்கள்.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டில் பாதியை மீதி வைக்க ஆரம்பித்தாள். பாதியை வைத்தால் மசியலும் பாதி மீதி. எனவே நானும் என் பங்கைக் கூட்டவேண்டியதாயிற்று. அவள் சாப்பாட்டைக் குறைப்பாள், நான் ஈடுகட்டுவேன். அவள் நடையைக் கூட்டுவாள், நான் ஈடுகட்டுவேன். அந்த டாக்டர் படித்துப் பட்டம் வாங்கிச் சொன்ன சமநிலையைப் படிக்காத நான் மாதக்கணக்கில் கட்டிக் காத்தேன் என்று சொன்னால் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள்.

கடைசியில் அவள் நடை மெதுவாயிற்று. சுவரைப் பிடித்து, நின்று நின்று வந்தாள். தூரத்திலிருந்து பார்க்க அசல் திரியாங்கே. சந்தையில் பேச்சு மாறிவிட்டது. உங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னத்தைக் குடுத்தீங்களோ அதையே எனக்கும் குடுங்க அக்கா என்று கேட்டு வாங்கினார்கள். கடைக்குப் பழைய மரியாதை வந்தது.

பிறகு மகால் புனித யாத்திரை நாள் வந்தது. அது நடக்கும் தூபா நகரத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? டாக்கரே காலியாகி நெடுஞ்சாலையில் நிற்கும். என் கணவர் வீட்டார் அங்கே யாத்திரிகர்களுக்குப் பெரிய அண்டாக்களில் சமைத்துப் போடுவார்கள். அந்தச் சமையலுக்கு நான்தான் தலைமை. பல வருஷ வழக்கம். நான் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

இங்கேதான் நான் சொல்லாமல் வைத்திருந்த எச்சரிக்கை வருகிறது. மாத்திரை வாங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வேன்: இதைத் திடீரென்று நிறுத்தாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. மாத்திரை வந்து விழுகிறவரை உடம்பு தான் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் தூங்கிப்போகும். சட்டென்று நிறுத்தினால் மாத்திரையும் இருக்காது, உடம்பும் விழித்திருக்காது. அப்படி நிறுத்திய ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அவள் குடும்பம் நல்ல குடும்பம்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை.

கிளம்புவதற்கு முன் யோசித்தேன். வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துத் தட்டில் கலக்கச் சொல்லலாம். அவள் என்ன என்று கேட்பாள், கேட்டதை ஊருக்குச் சொல்வாள். ரொக்காயாவிடமே உண்மையைச் சொல்லலாம். அதைவிட அபத்தம் இல்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். மீனை எப்படி அவிக்கவேண்டும், மசியலில் உப்பு எவ்வளவு என்று வேலைக்காரப் பெண்ணுக்குக் காட்டிவிட்டு வண்டி ஏறினேன். ரொக்காயா வாசல்வரை வந்து, எனக்காக அங்கே துஆச் செய்யுங்கள் மதினி என்றாள். செய்தேன். பொய் சொல்லவில்லை, அவள் பெயரைச் சொல்லிச் செய்தேன்.

மகாலுக்கு முந்தின நாள் அவளே போன் செய்தாள். வாந்தி நிற்கவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, கைகால் என்னுடையது மாதிரியே இல்லை என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் மனைவி, வாந்தி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, பிள்ளை, பிள்ளை என்றாள். பெண்களெல்லாம் குலவையிட்டார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. குலவை நன்றாக இருந்தது. படுத்து ஓய்வெடு என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் மதியம் உசேனு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். அழுதான்.

"அக்கா, அவளுக்கு நெனவு போய்ப் போய் வருது. டாக்டர் கேக்குறாரு, ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாளான்னு. உனக்குத் தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. பணியில் இருந்த டாக்டர், இளம் ஆண் குரல். பதறாமல், தாழ்மையாகப் பேசினார்.

"அம்மா, இவங்களுக்குச் சமைக்கிறது நீங்கதானாம். நாட்டு மருந்து, சந்தை மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. யாரும் உங்களைத் திட்டமாட்டோம். இப்பச் சொன்னா ஒரு ஊசியில காப்பாத்திடலாம்."

என்னைச் சுற்றி என் கணவர் வீட்டு மனிதர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் என் மேல். முப்பது வருஷமாக அந்த அண்டாவின் முதல் கரண்டி என் கையில்தான் இருந்திருக்கிறது. இனி என் கையால் ஒரு பருக்கை அவர்கள் வாங்குவார்களா?

"அவிச்ச மீனும் ஃபோனியோவும்தான் டாக்டர். நீங்கள்லாம் சொல்ற மாதிரியே. வேற எந்த மாத்திரையும் எங்க வீட்ல கிடையாது."

நன்றி அம்மா என்றார் அவர். நல்ல வளர்ப்பு. மலேரியாவா, குடல் காய்ச்சலா என்று வேறு பக்கம் தேடப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அந்தக் கம்பி டாக்டர் வந்தாளாம். ரொக்காயாவின் முகத்தையும் வயிற்றில் ஓடிய ஊதா வரிகளையும் ஒரு பார்வை பார்த்தாளாம். உடனே ஊசி போட்டாளாம். அப்போது நேரம் கடந்துவிட்டது. யார் இவளுக்குத் தனியாகச் சமைப்பது என்று அவள் கேட்க, உசேனு பெருமையோடு என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவனைத்தான் சொன்னேனே. அவளைப் பற்றி ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அந்த டாக்டர் முட்டாள் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

தம்பி என்னோடு பேசுவதில்லை. பேசுவான். அவனுக்குச் சமைக்க ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கலந்தது நான். வாய் திறக்காமல் இருந்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். உங்கள் தாளில் நஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நஞ்சு கொடுத்தால் கொடுத்த அன்று சாவார்கள். என் கையால் சாப்பிட்ட ஒரு நாளும் ரொக்காயா சாகவில்லை. என் கை நின்ற பிறகுதான் செத்தாள். நீங்களே நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐயா. நான் செய்த ஒரே தவறு அவளை விட்டுவிட்டு ஊருக்குப் போனதுதான்.